ஓணாங்கரட்டில் ஆளுநருக்குப் புரையேறியது

எங்கள் மாநிலத்தில் ஆளுநர் சிரித்தால்தான் ஆணை செல்லும். கையெழுத்தை யார் வேண்டுமானாலும் போட்டுவிடலாம், வயிற்றிலிருந்து சிரிப்பது அப்படியல்ல என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள். ஆளுநர் சிரித்ததும் சிரிப்புப் பதிவாளர் மணியை அடித்து "சிரித்தார்" என்று சொல்லுவார். அந்த நொடியிலிருந்து ஆணை நடைமுறைக்கு வந்துவிடும். சிரிக்கிற பெரிய மனிதரை வாய்பார்ப்பது மரியாதை இல்லை என்பதால், பதிவாளர் எப்போதும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று காதால் மட்டும் கேட்பார்.

கூட்டரசு நீதிமன்றத்தில் நேர் எதிர். அங்கே நீதிபதி சிரிக்கக் கூடாது. சிரித்தால் அப்போதே நாற்காலியை விட்டு இறங்கி, அங்கியைக் கழற்றி, கோல் பிடித்து நிற்கிற டவாலியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். கோதண்டபாணி ஐயா முதலில் எங்களுக்கு ஆளுநராக இருந்தார், பிறகு கூட்டரசு நீதிபதி ஆனார். ஆகவே பாதி உத்தியோகத்தில் சிரித்தார், மீதிப் பாதியில் சிரிக்கவில்லை. என் பெயர் ஒச்சம்மா. இரண்டு பாதியிலும் அவரோடு எனக்குத் தகராறு.

நல்லவிதமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். அவர் மோசமான ஆளுநர் இல்லை. காலையில் மாளிகைத் தோட்டத்தில் நடந்துகொண்டே சிரித்துப் பழகுவார் என்று சொல்வார்கள். ஒருமுறை சிரித்து, அடித்துக்கொண்டிருந்த இரண்டு ஊர்களின் பெயர்களை மாற்றிக் கொடுத்தார். அவரவர் எதிரி ஊர்க்காரர் ஆகிவிட்டதால் சண்டை ஓய்ந்தது. இன்னொரு முறை சிரித்து, மழைக்காலத்தைப் பள்ளிப் பரீட்சை முடிகிறவரை தள்ளி வைத்தார். பிள்ளைகள் இன்றைக்கும் அவரை வாழ்த்துகிறார்கள்.

ஆனால் அவருக்கு நீதிபதி ஆக வேண்டும் என்று ஆசை. நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் குழு தலைநகரில் ஒரு மொட்டைமாடியில் உட்கார்ந்திருக்கும். அங்கிருந்தபடியே ஒவ்வொரு மாநிலமாகப் பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரிகிற ஆளுநரை நீதிபதி ஆக்குவார்கள். தெரியாதவரை எப்படி ஆக்க முடியும்? கோதண்டபாணி ஐயா மாளிகை மாடியில் ஏறி நின்று துண்டைக்கூட வீசிப் பார்த்தாராம். தலைநகரில் யாருக்கும் தெரியவில்லை. நடுவில் எங்கள் ஓணாங்கரடு நின்றது.

கரடு என்றால் பெரிய மலை இல்லை. பாறையும் கள்ளியும் கொஞ்சம் புல்லும் உள்ள மேடு. ஆனால் அவரை மறைக்க அது போதும். உச்சியில் எங்கள் வீடுகள் இருந்தன. கரட்டை நீக்கி ஆணை போடுவதென்று மாளிகையில் முடிவானது.

எதை நீக்குகிறார்களோ அதன் மேல் நின்றுதான் ஆணை போட வேண்டும் என்பது வழக்கம். அதனால் ஆளுநர் பதிவாளரைக் கூட்டிக்கொண்டு கரட்டில் ஏறி வந்தார். பட்டு அங்கவஸ்திரம், வெயில், செருப்புக்குப் பழக்கமில்லாத பாதை. என் வாசலுக்கு வந்தபோது அவருக்கு நாக்கு தள்ளிவிட்டது. ஒரு பாறையில் உட்கார்ந்து, "குடிக்க ஏதாச்சும் இருக்காம்மா?" என்று கேட்டார். வீட்டை நீக்க வந்தவராகவே இருக்கட்டும், தாகம் என்று கேட்டவருக்கு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. கம்பங்கூழ் கரைத்துக் கொடுத்தேன். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய் வறுத்து வைத்தேன்.

கூழைக் குடித்தார். ஆணையில் கையெழுத்துப் போட்டார். சிரிப்பதற்காக மூச்சை இழுத்தார். வாயில் மோர் மிளகாய் இருப்பதை மறந்துவிட்டார்.

அவருக்குப் புரையேறியது. கண் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கஹ் கஹ் என்று இழுத்துக்கொண்டிருந்தார். கூட வந்த அதிகாரிகள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஆளுநரைத் தொட அவர்களில் யாருக்கும் பதவி போதாது. நான் போய் உச்சந்தலையில் தட்டினேன். "ஒண்ணுமில்லய்யா, யாரோ நெனைக்கிறாங்க" என்றேன்.

முதுகைக் காட்டி நின்ற பதிவாளர் மணியை அடித்தார். "சிரித்தார்" என்றார்.

கரடு போய்விட்டது. பாறை, கள்ளி, புல், பாதை, எல்லாம் போயின. ஆளுநரும் அதிகாரிகளும் என் அக்கம்பக்கத்தாரும் என் வீட்டுக்காரர் சுருளியும் கீழே சமதரையில் மூட்டை முடிச்சோடு நின்றுகொண்டிருந்தார்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆணையை ஏற்றுக்கொண்டவர்களை ஆணை மெதுவாகத்தான் இறக்கிவிடும். நான் ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் சிரித்திருந்தால் நான் எதற்குத் தலையில் தட்டப்போகிறேன்? அதனால் கரட்டின் உயரம் மட்டும் போகாமல் நின்றது. அதன் மேல் நானும் என் வீடும் என் ஆடுகளும் நின்றோம். ஆடுகளுக்கு யாரும் ஆணையைப் படித்துக் காட்டியிருக்கவில்லை.

மறுநாள் காலையில் கோதண்டபாணி ஐயா தன் மாடியில் ஏறி நின்றார். தலைநகரில் அவர் பளிச்சென்று தெரிந்தார். அந்த மாதமே நீதிபதி ஆகிப் போய்விட்டார்.

நான் உயரத்தில் குடித்தனம் நடத்தினேன். கீழே இருந்தவர்களுக்கு அரசாங்கம் வீடு கட்டிக் கொடுத்தது. சுருளிக்கும் ஒரு வீடு கிடைத்தது, குழாயில் தண்ணீர் வருகிற வீடு. அவர் தினமும் என் வீட்டுக்கு நேர் கீழே வந்து நின்று அண்ணாந்து கத்துவார்.

"ஏ ஒச்சு, எறங்கி வாடி. ஊரே சிரிக்குது."

"ஊரு சிரிச்சா எனக்கென்ன? ஆளுநரு சிரிக்கல. அதச் சொல்லு."

முணுமுணுத்துக்கொண்டே புல்லுக்கட்டைக் கயிற்றில் கட்டிவிடுவார். நான் இழுத்துக்கொண்டு, தூக்குவாளியில் ஆட்டுப்பால் இறக்குவேன். எங்களுக்குள் பேச்சு வார்த்தை மேலும் கீழுமாக இப்படித்தான் நடந்தது. ஒரு நாளும் புல் வராமல் இருந்ததில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அவர் கீழே படுத்தார், நான் மேலே படுத்தேன். அது எனக்கு வலித்தது.

வி.ஏ.ஓ. ஒரு நாள் வந்தார். "இல்லாத எடத்துல குடியிருக்கீங்கம்மா" என்றார்.

"இல்லாத எடத்தப் பாத்து எதுக்குய்யா கழுத்து வலிக்கப் பேசுற?" என்றேன். அவர் கழுத்தைத் தடவிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு கூட்டரசிலிருந்து ஆள் வந்து தீர்மானமாகச் சொல்லிவிட்டுப் போனார். அடியில் ஒன்றும் இல்லாமல் உயரம் மட்டும் இருப்பது முறையில்லை. நான் வழக்குப் போட வேண்டும். அன்றைக்குக் கேட்டது புரையேறிய சத்தம் என்று தீர்ப்பானால் கரடு திரும்பி வரும். சிரிப்பு என்று தீர்ப்பானால் உயரமும் போய்விடும். ஏற்றுக்கொள்ளாதவளை ஆணை மெதுவாக இறக்காது. வீடும் ஆடும் நானும் விழ வேண்டியதுதான்.

"யாரு விசாரிப்பா?" என்று கேட்டேன்.

"கோதண்டபாணி ஐயாதான். ஆணை போட்டவரே விசாரிப்பாரு. மத்தவங்களுக்குக் கதை தெரியாதுல்ல."

அது நியாயமாகத்தான் பட்டது. வழக்குப் போட்டேன்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. நான் தலைநகருக்குப் போய்விட்டால் உயரத்தின் மேல் ஆள் இருக்காது. ஆள் இல்லாத உயரம் ஒரு பொழுதுகூடத் தாங்காது. ஆடுகள் கணக்கில் வராது என்று சொல்லிவிட்டார்கள். என் இடத்தில் யாராவது நிற்க வேண்டும், நிற்கிறவர் ஆளுநர் சிரிக்கவில்லை என்று நம்ப வேண்டும். நம்பாதவர் காலை வைத்தால் காலுக்கடியில் ஒன்றும் இருக்காது.

சுருளியைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு ஏணியில் ஏறினாலே தலைசுற்றும். கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நெசமாவே பொறை ஏறுனதுதானா ஒச்சு?"

"தட்டுன கை இதுய்யா. சிரிக்கிற மண்டை ஒரு மாதிரி குலுங்கும், பொறை ஏறுன மண்டை வேற மாதிரி குலுங்கும். எனக்குத் தெரியாதா?"

அவர் என் கையைப் பார்த்தார். அவ்வளவு தூரத்தில் என்ன தெரிந்ததோ. பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு காலைத் தூக்கிக் காற்றில் வைத்தார். நின்றது. அடுத்த காலை வைத்தார். பழைய பாதை வளைகிற இடத்தில் எல்லாம் வளைந்து, மேலே வந்து, என் வீட்டு நிலைக்கதவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இத்தனை காலமும் அந்தக் காலை வைக்காமல் இருந்ததற்கு அவரை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று வைத்திருந்தேன். முகத்தைப் பார்த்ததும் கேட்கத் தோன்றவில்லை.

"சீக்கிரம் வந்துரு" என்றார். "கீழ பாக்காம எவ்வளவு நேரம் நிக்கிறது?"

தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அதே பாதையில் இறங்கி பஸ் ஏறினேன். தூக்குவாளியில் மோர் மிளகாய் இருந்தது.

கூட்டரசு நீதிமன்றம் பெரிய கட்டடம். உள்ளே யாரும் யாரையும் சிரிக்க வைத்துவிடக் கூடாது என்று எல்லாரும் தரையைப் பார்த்தே நடந்தார்கள். கோதண்டபாணி ஐயா உயரமான நாற்காலியில் இருந்தார். ஆளுநராக இருந்தபோது கன்னத்தில் இரண்டு பக்கமும் சிரித்துச் சிரித்து மடிப்பு விழுந்திருந்தது. இப்போது அந்த மடிப்புகள் காலியாக இருந்தன. என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

எனக்கு வக்கீல் கிடையாது. எனக்குப் புரையேறினாலே நான்தான் தட்டிக்கொள்வேன், எனக்காகப் பேச இன்னொருவர் எதற்கு? எதிர்த்தரப்பில் அரசு வக்கீல் குணாளன் இருந்தார். கறுப்புக் கோட்டு, நல்ல குரல். அவர் முதலில் சிரிப்புப் பதிவாளரைக் கூண்டில் ஏற்றினார். பதிவாளர் வழக்கப்படி நீதிபதிக்கு முதுகைக் காட்டி நின்றார். கையில் மணி இருந்தது.

"என்ன கேட்டீர்கள்?"

"கஹ் கஹ் என்று கேட்டேன்."

"அது சிரிப்புதானே?"

"ஆளுநர் வாயிலிருந்து வந்தது. கையெழுத்துக்குப் பிறகு வந்தது. ஆகவே சிரிப்பு."

குணாளன் என் பக்கம் திரும்பினார். "பெரிய மனிதர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி சிரிப்பார்கள் அம்மா. இவர் கஹ் கஹ் என்று சிரிக்கிறவர். உங்களுக்கு அது பழக்கமில்லை."

"அப்ப ஐயாவையே கேளுங்க, சிரிச்சாரா பொறை ஏறுச்சான்னு" என்றேன்.

"நீதிபதியின் ஞாபகம் சாட்சி ஆகாது" என்றார் குணாளன். நீதிபதி தலையசைத்தார். சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

"ஞாபகம் வேணாம். தொண்டை அதே தொண்டைதான? மறுபடி சத்தம் வரட்டும், எல்லாரும் கேக்கட்டும்" என்று சொல்லி, தூக்குவாளியைத் திறந்து நீதிபதியின் மேசைமேல் வைத்தேன்.

வறுத்த வாசனை நீதிமன்றம் முழுக்கப் பரவியது. பின்வரிசையில் யாரோ எச்சில் விழுங்கினார்கள். குணாளன் எதிர்ப்புத் தெரிவிக்க வாயைத் திறந்தார். சத்தத்தைப் பற்றிய வழக்கில் சத்தத்தைக் கேட்கக் கூடாது என்று சொல்ல அவரிடம் சட்டம் இல்லை. உட்கார்ந்துவிட்டார்.

கோதண்டபாணி ஐயா மோர் மிளகாய் ஒன்றை எடுத்துப் பார்த்தார். வாயில் போட்டார். அன்றைக்குப் போலவே மூச்சை இழுத்தார்.

கஹ் கஹ் என்றது. கண் சிவந்தது. கழுத்து நரம்பு எழும்பியது. மேசையைப் பிடித்துக்கொண்டார். டவாலி, எழுத்தர், வக்கீல்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு மனிதன் மூச்சுக்குத் திண்டாடுகிறான், சுற்றி நிற்கிற இத்தனை கையில் ஒரு கைகூட எழும்பவில்லை. நான் படியேறிப் போனேன். டவாலி வெள்ளிக் கோலைக் குறுக்கே நீட்டினார். "மூச்சு முட்டுற ஆளத் தொடக் கூடாதுன்னு சட்டமிருந்தா அதைக் கொண்டுபோயி அடுப்புல போடு" என்று கோலைத் தள்ளிவிட்டு, உச்சந்தலையில் தட்டினேன்.

அப்போது முதுகைக் காட்டி நின்ற பதிவாளர் பழக்கதோஷத்தில் மணியை அடித்தார். "சிரித்தார்" என்றார்.

டவாலி கோலைச் சாய்த்து வைத்துவிட்டு, அங்கியை வாங்கிக்கொள்வதற்காக இரண்டு கைகளையும் நீட்டினார். சிரித்த நீதிபதி இறங்க வேண்டும், அவர் தன் வேலையைச் செய்தார்.

குணாளன் துள்ளி எழுந்தார். "இல்லை, இல்லை. நீதிபதி அவர்கள் சிரிக்கவில்லை. அவருக்குப் புரைதான் ஏறியது. குழந்தைக்குக்கூடத் தெரியும்" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது. மெதுவாக உட்கார்ந்தார்.

"நான் சொல்ல வேண்டியத ஐயா நல்ல தமிழ்ல சொல்லிட்டாரு" என்றேன்.

கோதண்டபாணி ஐயா தண்ணீர் குடித்தார். என் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"அன்னைக்குத் தட்டினது நீங்கதான்னு ஞாபகம் இருக்கும்மா. அதுக்கப்புறம் எத்தனையோ தடவை புரையேறியிருக்கு. யாரும் தட்டல."

எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்த்து விட்டுக்கொடுக்க அது என் ஒருத்தியின் கரடு இல்லை. மேலே ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றுகொண்டிருக்கிறார்.

"இப்ப யாரு என்னை நெனைச்சிருப்பாங்க?" என்று கேட்டார்.

"எங்க கரடுதான். போன எடத்துல அதுக்கு வேற என்ன வேலை? வேற யாரு உங்கள நெனைக்கப்போறா?"

அவர் நிமிர்ந்தார். கன்னத்து மடிப்புகள் லேசாக அசைந்தன. எல்லாரும் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். டவாலியின் கைகள் இன்னும் நீட்டியபடியே இருந்தன. மடிப்புகள் அடங்கின.

"புரையேறல்" என்று தீர்ப்புச் சொன்னார். "கரட்டை மனுதாரரிடம் ஒப்படைக்கவும்."

குணாளன் கடைசியாக ஒன்று சொல்லிப் பார்த்தார். கரடு திரும்பிப் போய் நின்றால் இப்போதைய ஆளுநர் தலைநகருக்குத் தெரியமாட்டார், அவருக்கும் நீதிபதி ஆகும் ஆசை இருக்கிறது என்றார்.

"ஆசை இருந்தா கரடு ஏறி வரச் சொல்லுங்க. உச்சியில நின்னா எல்லா ஊருக்கும் தெரிவாரு. கூழு இருக்கு" என்றேன்.

நீதிமன்றம் எடுத்து வைத்த பொருளை உரியவர் நீதிமன்றத்திலேயே அடையாளம் காட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். கட்டடத்தின் பின்பக்கம் பொருள் அறைக்குக் கூட்டிப் போனார்கள். உடைந்த சைக்கிள்கள், ஒரு கள்ள நோட்டு அச்சு, யாருடையதோ ஒரு கட்டில். அவற்றுக்கு நடுவில் ஓணாங்கரடு நின்றது. புழுதி படிந்திருந்தது. ஒரு கள்ளியில் சீட்டுக் கட்டித் தொங்கியது.

"நல்லாப் பாத்து வாங்கிக்கங்கம்மா. அப்புறம் வந்து கொறை சொல்லக் கூடாது" என்றார் அங்கே இருந்த எழுத்தர்.

சுற்றிப் பார்த்தேன். பாறைகள் எல்லாம் இருந்தன. நரிப்பொந்து இருந்தது. ஆளுநர் உட்கார்ந்த பாறையில் கூழ் சிந்திய கறைகூடக் காயாமல் இருந்தது. உடும்பை மட்டும் காணவில்லையே என்றேன், என் குரல் கேட்டதும் பாறைக்குப் பின்னாலிருந்து வந்தது. கைநாட்டு வைத்துவிட்டு, "வா போகலாம்" என்றேன். கரடு வந்தது.

எங்கள் ஊர் பஸ் புறப்படத் தயாராக நின்றது. கண்டக்டர் படியில் நின்று கரட்டை மேலிருந்து கீழாகப் பார்த்தார். வாசலுக்குப் பக்கத்தில், பிள்ளைகளின் உயரத்தை அளக்கிற கோடு வரைந்திருந்தது.

"இதுக்கு டிக்கெட் எடுக்கணும்மா."

"இன்னைக்குத்தான்யா தீர்ப்பாகி வெளிய வந்துருக்கு. பொறந்து ஒரு பொழுதுகூட ஆகல. கைப்பிள்ளைக்கு எந்த ஊர்ல டிக்கெட்டு?"

"வயசெல்லாம் எனக்குத் தெரியாது. கோடுதான் கணக்கு. கோட்டத் தாண்டுது பாருங்க."

"கோடுதான கணக்கு?" என்று கேட்டுக்கொண்டு, கரட்டின் பக்கம் திரும்பி, "கொஞ்சம் உக்காரு" என்றேன்.

கரடு உட்கார்ந்தது. கண்டக்டர் கோட்டைப் பார்த்தார், கரட்டைப் பார்த்தார், விசில் அடித்தார்.

ஜன்னல் ஓரத்தில் அதை உட்காரவைத்து நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். தலைநகர் எல்லையைத் தாண்டியதும் பஸ் வேகம் எடுத்தது, புழுதி உள்ளே வந்தது. கரட்டுக்குப் புரையேறியது. முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டுத் தங்கள் பேச்சைத் தொடர்ந்தார்கள்.

"ஒண்ணுமில்ல, நம்ம வீட்டு ஆளுதான் நெனைக்கிறாரு" என்று அதன் உச்சியில் தட்டிக் கொடுத்தேன்.